அஞ்சலாட்சியின் வீட்டில் இருந்த ஆள்

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவி அஞ்சலாட்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யாரு? எங்க வீட்டுக்காரரு எங்க?" என்று கேட்டாள். நான் அவளுக்காக டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு வருடமாக என்னிடம் "ங்க" போட்டே பேசியவள். யார் என்று கேட்டதைவிட அந்த "நீ"தான் எனக்கு முதலில் உறைத்தது.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நான் அவளிடம் ஆடாத விளையாட்டு இல்லை. கல்யாணமான புதிதில், காரைக்காலில் எனக்கு ஓர் இரட்டைப் பிறவித் தம்பி இருக்கிறான், எனக்கு மச்சம் இடக் கன்னத்தில் என்றால் அவனுக்கு வலக் கன்னத்தில் என்று சொல்லி வைத்தேன். அவனுக்கு வேலை வாங்கித் தந்தேன், பெண் பார்த்தேன், ஆறு வருடம் வளர்த்தேன். ஒருநாள் அவள் கொழுந்தனைப் பார்க்கப் பஸ் ஏறியே தீருவேன் என்று பையில் துணி எடுத்து வைத்ததும், வேறு வழியில்லாமல் அவனை வாந்திபேதியில் சாகடித்துவிட்டேன். இல்லாத அந்தக் கொழுந்தனுக்காக அவள் இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். பொய் என்று சொல்ல அப்போது தைரியம் வரவில்லை. பிறகு அதற்கு நேரம் வரவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூலக்குளத்தில் இரண்டு அறை வீடு. நான் மில்லில் இருந்தேன். மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேனாக இருந்தேன். அதுவும் முடிந்து வீட்டோடு இருக்கிறேன். ஆக, இவன்தான் பலராமன் என்று உள்ளே வந்து சாட்சி சொல்ல இன்னோர் ஆள் கிடையாது.

அன்று அவள் டீயைத் தொடவில்லை. மத்தியானம் நான் ஆக்கிய சோற்றையும் தொடவில்லை. சாயங்காலம் என்னை எதிரில் உட்கார வைத்து விசாரணை ஆரம்பித்தாள்.

"நீ அவருதான்னா சொல்லு. சுண்டு விரலு எப்படிப் போச்சு?"

என் இடது கைச் சுண்டு விரலுக்கு நுனி இல்லை. விஷயம் விபரீதமாகப் போகிறது என்று புரிந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் உள்ளதைச் சொன்னேன். மில்லில் நின்றபடியே தூங்கிவிட்டேன், மெஷின் எடுத்துக்கொண்டது என்றேன்.

அவள் முகத்தில் ஜெயித்த களை வந்தது. "தேங்காய்த்திட்டுல கொடுவா கடிச்சிது. மறுநாளு அதே மீனு வலையில மாட்டிச்சி. பாவம், தெரியாம செஞ்சிடிச்சின்னு மன்னிச்சி தண்ணியில விட்டுட்டு வந்தாரு. இதுகூட விசாரிக்காம வந்துட்ட."

அடுத்த கேள்வி, பெண் பார்க்க வந்த அன்று அவர் ஏன் மூன்று மணி நேரம் தாமதம். மேட்டினி ஷோவுக்குப் போயிருந்தேன் என்று அதற்கும் உண்மையைச் சொன்னேன். ஊசுடு ஏரியில் மூழ்கிய ஜீப்பை எருமை கட்டி இழுத்துப் போட்டுவிட்டு வந்தார், சட்டையெல்லாம் ஈரம் என்றாள். சட்டை ஈரம் என்பது வாஸ்தவம். தியேட்டரில் மின்விசிறி இல்லை.

மறுநாள் சுதாரித்துக்கொண்டு பொய்யாகவே பதில் சொல்லிப் பார்த்தேன். அதிலும் சிக்கல். ஒரே சங்கதிக்கு டீக்கடையில் ஒரு கதை, மில்லில் ஒரு கதை, வீட்டில் ஒரு கதை என்று வைத்திருந்தவன் நான். முழங்கால் தழும்புக்கு அவளிடம் என்ன சொன்னேன் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை. டீக்கடை அம்மாவாசையிடம் போய்க் கேட்டேன். "யோவ், எங்கிட்ட சிறுத்தைன்ன. உன் பொண்டாட்டிகிட்ட இன்னா சொன்னியோ, அத அவங்களத்தான் கேக்கணும்" என்றார். சிறுத்தை என்று போய்ச் சொன்னேன். தப்பான விடை.

மூன்றாம் நாளும் அவள் பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீரும்தான். நான் தொட்ட எதையும் தின்ன மாட்டேன் என்றாள். கன்னம் ஒட்டிப்போனது. தெருவில் சொன்னால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தையை அவள் பேரோடு சேர்த்து நான் கேட்க விரும்பவில்லை.

மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் மகள் கவிநிலா, காலேஜில் மனநோய்ப் பாடம் படிக்கிறாள். ஏதாவது ஒரு சினிமாப் பாத்திரத்தை எடுத்து, அதற்கு என்ன கோளாறு, ஏன் வந்தது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதி வகுப்பில் பேச வேண்டும் என்று ஒரு வாரமாக மாடிப்படியில் உட்கார்ந்து போனில் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் படத்திலும் தலையில் அடிபட்டால் வருகிறது, மறுபடி அடிபட்டால் போய்விடுகிறது, எழுத ஒன்றும் இல்லை தாத்தா என்று அலுத்துக்கொண்டாள்.

நான் அவளுக்கு ஒரு படம் சொன்னேன். படத்தின் பெயர் 'அவரில்லாத வீடு'. இந்த ஊரிலேயே எடுத்தது. ஒரே ஒரு காட்சி ஓடியது. படப்பெட்டியைப் படகில் கொண்டுபோனபோது கடலில் விழுந்து, செம்படவர்கள் வலையில் எடுத்து, பிலிமைக் கருவாட்டோடு மணலில் காயப் போட்டார்கள். காக்கை தின்றது போக மிச்சம் ஒன்றும் தேறவில்லை. பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான்தான். கதாநாயகி பெயர் வேம்பு. அறுபது வயது. ஒருநாள் காலை டீ ஆற்றும் புருஷனைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறாள்.

கவிநிலா காக்கை வரைக்கும் சிரித்தாள். வேம்பு டீயைத் தொடாத இடம் வந்ததும் நோட்டை எடுத்தாள். வேம்புக்கு மற்றவர்களை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டாள். பால்காரர், மாடி வீட்டுக்காரர், எல்லோரையும் தெரியும் என்றேன். புருஷன் முகத்தையே வேறு முகம் என்கிறாளா என்று கேட்டாள். இல்லை, முகம் அச்சு அசல் அவர்தான், ஆனால் ஆள் அவர் இல்லை என்கிறாள் என்றேன். எழுதிக்கொண்டே வந்த கை நின்றது. உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்து, ஒரு பக்கத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துப் படித்தாள்.

"இதுக்குப் பேரே இருக்கு தாத்தா. காப்கிரா. ஒரு பிரெஞ்சு டாக்டர் பேரு."

பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய் எத்தனை வருடம் ஆகிறது. இன்னும் நம் வீட்டுக்குள் வந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான்.

அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஒரு முகத்தைப் பார்த்தால் மூளையில் இரண்டு வேலை நடக்கிறதாம். ஒன்று, இது இன்னார் என்று அடையாளம் சொல்வது. இன்னொன்று, நம்ம ஆள் என்று உள்ளே ஒரு சூடு ஏறுவது. வேம்புக்கு முதல் வேலை நடக்கிறது. இரண்டாவது வரும் வழி அறுந்துவிட்டது. முகம் அவர்தான், மனசு ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கணக்கு உதைப்பதால் மூளை தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்கிறது: இவன் வேற ஆள், வேஷம் போட்டு வந்திருக்கிறான். அவளிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் நிஜம்.

அறுபத்தெட்டு வயது வரை கதை கட்டியவன், என்னைவிடக் கெட்டிக்காரக் கதைகாரன் ஒருவன் அஞ்சலாட்சி தலைக்குள் குடிவந்திருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவன் கதையில் ஓட்டை இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. படத்துல அவரு போன்ல பேசற சீன் வருதா? சில பேருக்குக் கண்ணு வழியதான் அறுந்திருக்கும், காது வழி நல்லா இருக்கும்னு போட்டிருக்கு."

அந்த சீன் வரும் முன்னாலேயே ரீல் அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நேராக அம்மாவாசை கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் நின்று வீட்டுக்கு அடித்தேன். டி.வி. பக்கத்தில் அவளுடைய பட்டன் போன் இருக்கும். ஐந்தாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள்.

"அஞ்சல" என்றேன்.

"ஏங்க" என்றாள். "எங்க போயிட்டீங்க? மூணு நாளா இங்க ஒருத்தன் வந்து ஒக்காந்துகிட்டு போமாட்டேங்கறான்."

அழுதாள். கடந்த பத்து வருடத்தில் என்னிடம் இவ்வளவு ஆசையாகப் பேசியதில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்றாள். வாயில் வந்தது பிரான்ஸ். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் சண்டை போட்ட காகிதம் கிடைத்து, கவர்மெண்டில் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றேன். அந்தத் தாத்தாவும் நாற்பது வருடத்துக்கு முன் நான் அவளுக்குப் பெற்றுக் கொடுத்தவர்தான். எங்கள் தாத்தா வில்லியனூரைத் தாண்டியதில்லை.

அங்க குளிருமே, மப்ளர் எடுத்துகிட்டீங்களா என்று கேட்டாள். எடுத்துக்கொண்டேன் என்றேன். ஆணியில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். "இங்க இருக்கே" என்றாள். இங்கே இறங்கியதும் சர்க்காரே ஆளுக்கு ஒன்று தருகிறார்கள் என்றேன். வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்தது. அங்கேயும் பஸ் இருக்கிறதா என்றாள். இருக்கிறது, ஆனால் யாரும் தொங்குவதில்லை என்றேன்.

பிறகு முக்கியமானதைச் சொன்னேன். வீட்டில் இருக்கும் ஆள் நான் அனுப்பிய ஆள். என் ஜாடையாகப் பார்த்துத்தான் அனுப்பினேன், நீ தனியாக இருக்கிறாய் என்று தெரு நினைக்கக் கூடாது. அவன் சமைப்பதைச் சாப்பிடு. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "போடு" என்றாள். அன்று அவள் மூன்று தடவை சோறு வாங்கினாள்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம். காலையும் மாலையும் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்று நான் அவள் புருஷனாக இருந்தேன். மற்ற நேரம் வீட்டில் இருக்கும் ஆளாக இருந்தேன். பாரீஸில் வெயில் ரேஷன், வாரத்துக்கு இரண்டு நாள் கார்டைக் காட்டினால் விடுவார்கள் என்று சொல்வேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஓடி வருவேன். வருவதற்குள் முகத்தை மூடிவிட்டிருப்பாள். வீட்டில் இருக்கும் ஆளைப் பற்றி அவள் என்னிடமே குறை சொல்வாள். குழம்பு பரவாயில்லை, ஆனால் மூஞ்சியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஒரு பொய்கூடப் பேசத் தெரியவில்லை என்பாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் முடிப்பாள்.

மாசியில் கவிநிலா வகுப்பில் வேம்புவைப் பற்றிப் பேசினாள். பேராசிரியர் அம்மா இரண்டு கேள்வி கேட்டாராம். படத்தின் பிரதி எங்கே என்பது ஒன்று. வேஷக்காரன் கொடுத்த சோற்றைத் தொடாமல் ஆணியில் தொங்கும் மப்ளரைப் பார்த்துக் கவலைப்படும் ஒரு பெண்ணை எந்த டைரக்டராலும் யோசிக்க முடியாதே, இது யார் என்பது இன்னொன்று. மப்ளரை நான்தான் பிற்பாடு ஒருநாள் வாய் தவறிப் படத்தோடு சேர்த்துச் சொல்லியிருந்தேன். கவிநிலா மாடிப்படி இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, வெகு நேரம் நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, வேம்பு இப்ப ஒழுங்கா சாப்புடறாங்களா?"

"சாப்புடறா" என்றேன்.

டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றாள். போனில் சொல்லி அஞ்சலாட்சியை அந்த ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்க வைத்தேன். ஆட்டோவில் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வந்தாள். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, முகம் அறிவதில் ஆரம்பித்திருக்கிறது, ஞாபகம் ஒவ்வொன்றாகப் போகும், மாத்திரை பயத்தைக் குறைக்கும், போனதைக் கொண்டுவராது என்றார். நீங்க அவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டு எழுத வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு பக்கத்தில் நின்ற நர்ஸிடம், எழுதட்டும், அவரே வந்து அடிப்பார் என்றாள்.

பங்குனி பிறந்ததும் அவள் போனில் வேறு மாதிரி பேச ஆரம்பித்தாள். நீங்கள் வராவிட்டால் நான் வருகிறேன் என்றாள். பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். இரண்டு தடவை வில்லியனூர் ரோட்டில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டி வந்தேன். மூன்றாம் தடவை லாரிக்கு முன்னால் போயிருக்கிறாள். அம்மாவாசைதான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

கவிநிலா ஒரு யோசனை சொன்னாள். உறுதியாகச் சொல்ல முடியாது தாத்தா என்று பத்து தடவை சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். குரலைக் கேட்டால் அந்தச் சூடு ஏறுகிறது இல்லையா. குரல் முன்னால் போகட்டும், முகம் பின்னால் போகட்டும். பேசிக்கொண்டே வந்து, பேச்சை விடாமல் உள்ளே நுழைந்தால், ஒருவேளை அந்தச் சூடு முகத்துக்கும் ஒட்டிக்கொள்ளலாம்.

அன்று சவரம் செய்துகொண்டேன். சாம்பல் நிறச் சட்டை, பெண் பார்த்த அன்று போட்ட மாதிரியே ஒன்று. டீக்கடையிலிருந்து அடித்து, ஊருக்கு வந்துவிட்டேன் அஞ்சல, பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன் என்றேன். நிஜமாவா என்றாள். நடந்துகொண்டே பேசினேன். ரேஷன் கடையைத் தாண்டிவிட்டேன், இதோ வேப்பமரம், நம்ம தெரு நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது என்றேன். அவள் வாசலுக்கு ஓடி வரும் செருப்புச் சத்தம் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

கதவைத் திறந்தாள். காதில் போன். தலையில் பூ. நானும் காதில் போனை வைத்தபடி, "வந்துட்டேன் அஞ்சல" என்றேன். ஒரு விநாடி அவள் கண் என் முகத்தில் நின்றது. வாய் "ஏ" என்று பிரிந்தது. அந்த ஒரு விநாடி நான் அவளுடைய புருஷன். இதில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த ஆளு வந்திருக்கான்" என்று தன் போனில் மெதுவாகச் சொன்னாள். "உங்க போன அவன் வச்சிருக்கான்." என் காதில் அது வந்து விழுந்தது. அவள் போனைக் கீழே இறக்கிவிட்டு, "அவர இன்னா பண்ண?" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிரான்ஸ் இல்லை, சைகோன் தாத்தா இல்லை, கொடுவா இல்லை, ஜீப் இல்லை. நான்தான் பலராமன், உனக்கு உடம்பு சரியில்லை. நாற்பத்து நான்கு வருட உண்மையை ஒரே மூச்சில் சொன்னால் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு உயிரு போனாகூட இப்படி உண்மையெல்லாம் பேச மாட்டாரு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த லாரி ஞாபகம் வந்தது.

"அண்ணி" என்று கூப்பிட்டேன்.

நின்றாள்.

"நான் காரைக்கால்ல இருந்து வரேன். வாந்திபேதியில பொழைச்சிட்டேன். அண்ணன்தான் கோவத்துல செத்துட்டான்னு சொல்லிடிச்சி."

திரும்பி வந்தாள். என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மச்சம் வலப் பக்கம் இல்ல இருக்கணும் என்றாள். அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சொல்லியிருக்கும் என்றேன். அவள் முகத்தில் இரண்டு மாதமாக உதைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பொருந்தி உட்காருவதைக் கண்ணால் பார்த்தேன். முகம் ஏன் அவர் முகம், ஆள் ஏன் அவர் இல்லை. எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது.

"அப்ப அவரு?"

பிரான்சில் மூன்று நாளைக்கு முன் தூக்கத்திலேயே போய்விட்டார், போனை எனக்கு அனுப்பி வைத்தார்கள், ஊருக்கு வந்துவிட்டேன் என்று அவர் குரலில் ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் விஷயத்தைச் சொல் என்றார்கள் என்றேன். அப்படியானால் மூன்று நாளாக அவள் போனில் பேசியது யாரிடம் என்று அதில் ஓட்டை இருந்தது. அவள் கவனிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, பூவை எடுத்து மடியில் வைத்தாள். பொட்டை உள்ளங்கையால் அழித்தாள். நான் தடுக்கவில்லை. இருக்கிறார் என்றால் அவள் லாரிக்கு முன்னால் நடப்பாள்.

பதினாறாம் நாள் என் போட்டோவுக்கு மாலை வாங்கி வரச் சொன்னாள். நல்ல சம்பங்கியாக வாங்கி வந்தேன். கவிநிலா மாடிப்படி பாதியில் நின்று பார்த்துவிட்டு மேலே போய்விட்டாள். டீக்கடையில் அம்மாவாசையிடம் நடந்ததைச் சொன்னேன். உன் கருமாதிக்கு நீயே மாலை வாங்கினியா என்று அவர் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சொன்னதிலேயே இதுதான்யா பெரிசு என்றார்கள்.

அவள் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். என்னைத் தம்பி என்கிறாள். சாயங்காலம் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து, உங்க அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன் கேள் என்று ஆரம்பிப்பாள். ஜீப், சைகோன், சிறுத்தை இல்லாத அந்த முழங்கால். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வாள்.

சித்திரையில் ஜீப் போனது. ஏரி மட்டும் இருந்தது, அதில் அவர் ஏன் இறங்கினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வைகாசியில் கொடுவா வெறும் மீன் ஆனது. அதை மன்னித்து விட்டதையும் காணோம். எடுத்துக் கொடுக்கலாம். காரைக்கால் தம்பிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

நேற்று நானே இடது கையை அவள் முன்னால் நீட்டி, அண்ணனுக்கு விரல் எப்படிப் போனது அண்ணி என்று கேட்டேன். அவள் என் சுண்டு விரலைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். போட்டோவில் கை தெரியாது.

"யாருக்கு?" என்றாள்.